ஒட்டிய பக்கம்

பெண் பார்க்கப் போகிறவர்கள் பூவும் பழமும் எடுத்துப்போவதோடு இப்போதெல்லாம் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியையும் எடுத்துப்போகிறார்கள். உள்ளே இரண்டு ஊசி, இரண்டு குழாய், கொஞ்சம் பஞ்சு, ஒரு ஐஸ் பை. காபி குடித்து முடிந்ததும் பெண் கையை நீட்டுவாள். அப்புறம் பையன் நீட்டுவான். பெரியவர்கள் அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

தர்ஷினியின் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அங்கே ரத்தம் எடுத்தது மட்டும் மாப்பிள்ளையின் அக்கா சம்யுக்தா. அந்தப் பெட்டிகளை அனுப்பும் இணைவு மையத்தில் அவள் மூத்த விஞ்ஞானி. கோயம்புத்தூரில் அந்த மையத்தின் பச்சைத் தாள் வராமல் யாரும் உப்பு சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்வதில்லை என்கிற அளவுக்கு அது வழக்கமாகிப் போயிருந்தது.

"வலிச்சா சொல்லு," என்றாள் சம்யுக்தா.

"நீங்க குத்தினா வலிக்காதுங்கக்கா. அவரைப் பாருங்க, எனக்குக் குத்தறதுக்கே கண்ணை மூடிக்கிட்டாரு."

எதிர் சோபாவில் மாப்பிள்ளை கௌசிக் உண்மையிலேயே கண்ணை மூடியிருந்தான். அவன் பல் டாக்டர்.

"நாள் முழுக்க ஊர்ல இருக்கிறவங்க வாயில எல்லாம் ஊசி போடற ஆளு," என்றாள் சம்யுக்தா.

"அது வேற, இது வேறக்கா," என்றான் கண்ணைத் திறக்காமலே.

எல்லோரும் சிரித்தார்கள். கௌசிக்கின் அம்மா வசந்தாமணிகூடச் சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. கௌசிக்கும் தர்ஷினியும் மூன்று வருடமாகப் பழகுகிறவர்கள், இரண்டு வீட்டுக்கும் பிடித்திருக்கிறது. தையில் கல்யாணம் என்று பேசிக்கொண்டே காரில் திரும்பினார்கள்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. பத்தொன்பது. சிவப்பு.

எழுபதுக்கு மேல் வந்தால் பச்சை, நடுவில் வந்தால் மஞ்சள், முப்பதுக்குக் கீழே போனால் சிவப்பு. சிவப்பு என்றால் இவர்கள் இருவருக்கும் கரு தங்குவது கடினம் என்று பொருள். முடியவே முடியாது என்று மையம் எங்கும் எழுதுவதில்லை. எழுதாததையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் ஜனங்கள்.

சம்யுக்தா அந்தத் தாளைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். வசந்தாமணி அதைக் கையில்கூட எடுக்கவில்லை. நிறத்தை மட்டும் பார்த்தாள்.

"பேச்சை இதோட நிறுத்திப்போடலாம்."

"அம்மா, மூணு வருஷமா..." என்று ஆரம்பித்தான் கௌசிக். பள்ளிக்கூடப் பையன் போல அவன் குரல் இறங்கிப் போயிருந்தது.

"அந்தப் புள்ளை மேல எனக்கென்ன கோபம்? தங்கமான புள்ளை. அதனாலதான் சொல்றேன். உங்கக்காவை ஆஸ்பத்திரியில இருந்து ரெண்டு தடவை வெறுங்கையோட கூட்டிட்டு வந்தவ நான். கார்ல பின்னாடி உக்காந்துக்கிட்டு அவ ஒரு வார்த்தை பேசலை. இன்னொரு வீட்டுப் புள்ளையை அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை சாமி."

கௌசிக் அக்காவைப் பார்த்தான். சம்யுக்தா தண்ணீர் டம்ளரைப் பார்த்தாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால், மையம் தொடங்கிய புதிதில், அவளும் அவள் கணவன் பிரபாகரனும் அங்கே ரத்தம் கொடுத்தார்கள். இரண்டு கரு கலைந்த பிறகு காரணம் தேடிப் போயிருந்தார்கள். பதினான்கு என்று வந்தது. காரணம் கிடைத்துவிட்டது என்று எல்லோரும் ஒருவிதத்தில் நிம்மதியடைந்தார்கள். பிரபாகரன் வீட்டில் யாரும் வாயைத் திறக்கும் முன்பே, விவாகரத்தைப் பேசி முடித்தது வசந்தாமணிதான். "அவருக்காச்சும் ஒரு கொழந்தை இருக்கட்டும் அம்மிணி. அவங்க கேட்டு நீ குடுக்கறதைவிட, நீயா கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு. மரியாதையா இருக்கும்." பிரபாகரன் மாட்டேன் என்றான். சில மாதங்கள் சனிக்கிழமைதோறும் வந்து வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றான். வசந்தாமணிதான் போய், பேசி, அனுப்பிவைப்பாள். ஒரு சனிக்கிழமை அவன் வரவில்லை. இப்போது உடுமலையில் இருக்கிறான். இரண்டு பெண் குழந்தைகள்.

கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த சம்யுக்தா அதன் பிறகுதான் மையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். தனக்குத் தாமதமாகத் தெரிந்தது இன்னொருத்திக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரியட்டும் என்று நினைத்தாள். அந்த நினைப்பில்தான் இத்தனை வருடம் காலையில் எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் கௌசிக் போனை எடுத்து ஏதோ தட்டினான். பிறகு அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோனான்.

மறுநாள் மதியம் தர்ஷினி மையத்துக்கு வந்தாள். பம்ப் கம்பெனியில் வடிவமைப்புப் பொறியாளர் அவள். வேலைக்கு நடுவில் அப்படியே கிளம்பி வந்திருக்க வேண்டும். நீலச் சட்டையின் முழங்கையில் கிரீஸ் கறை இருந்தது.

"கௌசிக் கூப்பிட்டானா?" என்றாள் சம்யுக்தா.

"மெசேஜ் வந்துச்சுங்க. 'அம்மா கொஞ்சம் சமாதானம் ஆகட்டும்'னு. அவங்க சமாதானம் ஆகற வரைக்கும் நான் என்ன ஆகறதுன்னு போடலை."

சம்யுக்தா ஒரு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"நான் சண்டை போட வரலைங்கக்கா. அந்த மிசினைக் காட்டுங்க. என்னைப் பத்தி ஒண்ணு சொல்லியிருக்குது. அதோட மூஞ்சியைப் பார்த்துட்டுப் போயிர்றேன்."

வெளியாட்களை உள்ளே விடக் கூடாது. சம்யுக்தா தன் வெள்ளைக் கோட்டு ஒன்றை அவளுக்குக் கொடுத்து அழைத்துப்போனாள்.

"இவ்வளவுதானா?" என்றாள் தர்ஷினி, கருவியைப் பார்த்து. "எங்க கேன்டீன் இட்லிப் பானை இதைவிடப் பெருசு."

சம்யுக்தா ஒரு பயன்படுத்திய சில்லை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். நகம் அளவுக் கண்ணாடி, மேலே மெல்லிய தங்கப்பூச்சு.

"ஒருத்தரோட புரதத்தை இதுல பசை போட்டு ஒட்டிடுவோம். இன்னொருத்தரோடதைக் கரைசல்ல கலந்து அது மேல ஓட விடுவோம். ரெண்டும் சேர்ந்தா சில்லு மேல பாரம் ஏறும். அடியில ஒரு வெளிச்சம் பட்டுத் திரும்புது. பாரம் ஏறினா அது திரும்பற கோணம் மாறும். அதைத்தான் திரையில இந்தக் கோடு காட்டுது. ஏறுது பாரு, அது சேர்றது. அப்புறம் வெறும் உப்புத் தண்ணி விட்டுக் கழுவுவோம். இறங்குது பாரு, அது பிரியறது. எவ்வளவு சீக்கிரம் சேருது, கழுவினா எவ்வளவு நேரம் விடாம இருக்குது, ரெண்டையும் வச்சுத்தான் அந்த எண்."

"என்ன புரதம் அது?"

"உன் ரத்தத்துல காவல்காரங்க மாதிரி சில செல்லுங்க இருக்கு. அதுங்களுக்குக் கை மாதிரி ஒரு புரதம். கொழந்தை தங்கறப்ப நச்சுக்கொடி மேல அப்பாவோட அடையாளம் இருக்கும். அம்மாவோட கை அந்த அடையாளத்தைச் சரியாப் பிடிச்சாத்தான் நச்சுக்கொடி நல்லா வேர் விடும். பிடிக்கலைன்னா..."

தர்ஷினி மேலே கேட்கவில்லை. அவளுக்குச் சம்யுக்தாவின் கதை தெரியும். சில்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாரை ஒட்டுவீங்க, யாரை ஓட விடுவீங்க?"

"பொண்ணோடதை ஒட்டுவோம்."

"எப்பவுமா?"

"எப்பவும். அது செல்லு மேல ஒரே இடத்துல நிக்கற புரதம். உடம்புக்குள்ளயும் அப்படித்தானே இருக்கு."

"மாத்தி ஒட்டினா?"

"அதே எண்தான் வரணும்."

"வரணுமா, வருதா?"

சம்யுக்தா கருவியின் பக்கம் திரும்பினாள். எந்தப் புத்தகத்திலும் அதே எண் வர வேண்டும் என்றுதான் இருந்தது. இந்த மையத்தில், இந்தக் கருவியில், யாருக்குமே அப்படி மாற்றி ஒட்டி அவள் பார்த்ததில்லை. அந்தக் கருவிக்குத் தரும் உத்தரவிலேயே முதல் வரி 'பெண் – சில்லு' என்றுதான் தொடங்கும். வந்த நாள் முதல் அப்படித்தான்.

"இல்லீங்கக்கா, எங்க வேலையில முதல்ல அதைத்தான் கேப்போம். பம்ப் கெட்டிருக்கா, மாட்டின விதம் கெட்டிருக்கான்னு. புதுப் பம்பைத் திருப்பி மாட்டிட்டு, தண்ணி ஏறலைன்னு நம்மளைத் திட்டுவாங்க. அடிக்கடி வரும்." சில்லை மேஜையில் வைத்துவிட்டுக் கோட்டைக் கழற்றினாள். "என்னை ஒட்டின விதம் சரியான்னு மட்டும் பாருங்க. அதுக்கப்புறமும் சிவப்புன்னா நான் வாயே திறக்கலை."

ஞாயிற்றுக்கிழமை மையம் விடுமுறை. காலை டிபன் முடித்ததும் சம்யுக்தா தனியாகப் போய்க் கதவைத் திறந்தாள். முதல் தடவையாகக் கருவியின் உத்தரவை மாற்றி எழுதினாள். தம்பியின் புரதத்தைச் சில்லில் ஒட்டினாள். தர்ஷினியுடையதை ஓட விட்டாள்.

கோடு ஏறியது. ஏறிக்கொண்டே போனது. கழுவியபோது சட்டென்று விழாமல், படிப்படியாக, தயங்கித் தயங்கி இறங்கியது.

எண்பத்தாறு.

சில்லை மாற்றி மறுபடி ஓட்டினாள். அதே எண்தான், ஒன்றிரண்டு முன்னே பின்னே. கணினியில் தர்ஷினியின் மரபணு வரிசையை எடுத்து, அந்தப் புரதத்தின் வடிவத்தைத் திரையில் சுழற்றிப் பார்த்தபோது புரிந்துவிட்டது. மையம் பயன்படுத்தும் பசை கண்ட இடத்தில் பிடிக்காது. புரதத்தில் லைசின் என்கிற ஒரு முடிச்சு எங்கே வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கேதான் பிடிக்கும். பெரும்பாலான பெண்களுக்கு அது அந்தப் புரதக் கையில் புறங்கைப் பக்கம் இருக்கும். தர்ஷினிக்கு அப்படிப்பட்ட ஒரு முடிச்சு உள்ளங்கையிலேயே இருந்தது. அது நோய் அல்ல. கண்ணின் நிறம் மாதிரி, கன்னத்தில் விழும் குழி மாதிரி, சிலருக்கு இருக்கும் ஒரு சின்ன வேறுபாடு.

உள்ளங்கையைச் சுவரோடு சேர்த்து ஒட்டிவிட்டு, இவள் கை கொடுக்க மாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருக்கிறோம்.

அவள் எழுந்து உறைபெட்டியைத் திறந்து, சிவப்பு வந்த பழைய மாதிரிகளில் கைக்குக் கிடைத்தவற்றை எடுத்தாள். ஒவ்வொன்றாக மாற்றி ஒட்டினாள். சில சிவப்பாகவே நின்றன. பாதிக்கு மேல் பச்சையாக மாறின. இவை குழாய்கள் அல்ல. நிச்சயம் நின்றுபோன வீடுகள். அண்ணிமார் கேலி பேசிய பெண்கள். இரண்டாம் தாரமாகப் போன பெண்கள். கல்யாணத்துக்குப் பிறகு வந்து சோதித்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குத் திரும்பிய பெண்கள்.

கடைசியாக உறைபெட்டியின் அடித்தட்டில் ஒரு ஜோடிக் குழாய்களைப் பார்த்தாள். மேலே ஒட்டியிருந்த தாளில் பிரபாகரன் என்று இருந்தது. அவனுடைய கையெழுத்தேதான். அந்தக் காலத்தில் பெயரை அவரவரே எழுத வேண்டும். கதவைச் சாத்தினாள். கை கழுவினாள். துடைத்தாள். மறுபடியும் போய்த் திறந்தாள்.

மறுநாள் அவள் மையத்துக்குப் போகவில்லை. தர்ஷினி, கௌசிக் மாதிரிகளை ஐஸில் வைத்துத் தன் பழைய கல்லூரிக்கு எடுத்துப்போனாள். மாற்றி ஒட்டியதால்தான் இந்த எண் என்று யாராவது சொல்லலாம். யாரையுமே ஒட்டாமல் பார்க்க வேண்டும். அதற்கு அங்கே ஒரு பழைய கருவி இருந்தது. ஒரு சின்னக் கிண்ணத்தில் ஒன்றை விட்டு, மற்றதைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால், இரண்டும் சேரும்போது வெளிவரும் சூட்டை அளந்து சொல்லும். இரண்டுமே கட்டில்லாமல் திரியும். நிறைய மாதிரி வேண்டும், நிறையப் பொறுமையும் வேண்டும். அதனால்தான் மையங்கள் அதைக் கைவிட்டன.

ஒவ்வொரு சொட்டுக்கும் திரையில் சூடு எழுந்து அடங்கியது. மாற்றி ஒட்டியபோது கிடைத்த எண்தான் உண்மை என்று கருவி சொன்னது.

அதற்கு மறுநாள் மையத்தின் இயக்குநர் டாக்டர் ஜெயச்சந்திரன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் அல்ல. சம்யுக்தாவுக்கு விவாகரத்து ஆன சமயத்தில் அவளைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர் அவர்தான்.

"ஆரம்பத்துல சிலருக்கு மாத்தி ஒட்டிப் பார்த்தோம்மா. சரியா இருந்துச்சு. அவங்க யாருக்கும் உள்ளங்கையில அந்த முடிச்சு இல்லை போல." கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நாளையில இருந்து எல்லாத்தையும் ரெண்டு விதமாவும் ஒட்டிப் பார்ப்போம். நீங்களே முறையை எழுதுங்க."

"பழசு, சார்?"

"உங்க தம்பியோடதை இப்பவே மாத்திக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"நான் பழசைக் கேட்டேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் மையத்துக்காக மட்டும் பேசலை, சம்யுக்தா. நின்னுபோன கல்யாணம் நின்னுபோச்சு. பிரிஞ்சவங்க பிரிஞ்சாச்சு. ஒவ்வொருத்தரும் ஒரு வழியா மனசைத் தேத்திக்கிட்டு இருப்பாங்க. இப்பக் கூப்பிட்டு, அந்த எண் தப்புங்க, நீங்க சேர்ந்தே இருந்திருக்கலாம்னு சொன்னா, யாருக்கு என்ன லாபம்? ஆறின புண்ணைப் போய்க் கீறி விடுவீங்க."

"புண்ணு அவங்களோடது சார். ஆறிடுச்சா இல்லையான்னு அவங்கதான் சொல்லணும். நாம சொல்லக் கூடாது."

"உங்களோடதுன்னா..." என்று ஏதோ கேட்க வந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"சுகாதாரத் துறைக்கு இன்னைக்கே எழுதறேன். அந்தப் பொண்ணுங்களை நானே கூப்பிடறேன். மையத்தோட பேர்ல கூப்பிடக் கூடாதுன்னா என் பேர்ல கூப்பிடறேன்."

அவர் தடுக்கவில்லை. தம்பியின் புதிய தாளில் கையெழுத்திட்டு அவள் பக்கம் நகர்த்தினார். "எல்லாருக்கும் குடுக்கறப்ப எங்களுக்கும் குடுங்க சார்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அந்தத் தாள் மேஜையிலேயே கிடந்தது.

அன்று சாயங்காலம் விஷயத்தைக் கேட்டதும் கௌசிக் கிளினிக்கைப் பாதியில் பூட்டிவிட்டு வந்தான். "வாக்கா போகலாம்," என்று அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டான். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். எண்பத்தாறு, எண்பத்தாறு என்று நாலு தடவையாவது சொல்லியிருப்பான். தர்ஷினி கேட்டுக்கு அந்தப் பக்கம் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"தர்ஷி, அந்த டெஸ்ட்டே தப்பு. நம்ம எண் எண்பத்தாறு."

"அக்கா மத்தியானமே போன்ல சொன்னாங்க." அவள் குழாயை மூடவில்லை. "பத்தொன்பதுன்னு வந்தப்ப ஒரு மெசேஜ் வந்துச்சு. எண்பத்தாறுன்னதும் ஆளே வந்தாச்சு."

கௌசிக் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எண்பத்தாறு எப்படி வந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? உங்களை ஒரு இடத்துல அசையாம ஒட்டி வச்சதால வந்துச்சு. இல்லீன்னா நீங்க கழுவற தண்ணியோட போயிருப்பீங்க."

"அம்மா பயந்துட்டாங்க தர்ஷி. அவங்களை விட்டுட்டு..."

"பயந்தாங்க. எனக்குத் தெரியும். அத்தை மேல எனக்கு வருத்தமே இல்லை. நானும்தான் பயந்தேன். என்கூட உக்காந்து பயப்பட ஒரு ஆள் வேணுமில்ல?" குழாயை வேறு தொட்டிக்கு மாற்றினாள். "எங்க மாடி காலியாத்தான் கிடக்குது. கல்யாணம் ஆனா நாம இங்க இருப்போம். என்னை ஒட்டிப் பார்த்தது போதும். இந்தத் தடவை நீங்க நில்லுங்க, நான் வந்து போறேன். அத்தைகிட்ட இதை நீங்களே சொல்லுங்க. அக்காவைச் சொல்லச் சொல்லாதீங்க. மெசேஜும் போடாதீங்க."

"சொன்னா வருவியா?"

"சொல்லிட்டு வாங்க. அப்புறம் பார்க்கலாம்."

திரும்பும் வழியில் கௌசிக் பேசவே இல்லை. வீட்டுக்குள் நுழைந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் முன்னால் போய் நின்றான். சில்லு, பசை, உள்ளங்கை, மாடி எல்லாவற்றையும் தப்பும் தவறுமாக, ஆனால் ஒன்று விடாமல் சொன்னான். சம்யுக்தா கதவோரம் நின்று பார்த்தாள். அவன் பிறந்ததிலிருந்து அம்மாவிடம் இவ்வளவு நேரம் பேசி அவள் பார்த்ததில்லை.

வசந்தாமணி கோபப்படுவாள் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவள் கோபப்படவில்லை. "சரி, இருந்துக்கோ," என்றாள். வேறு எதையோ யோசிக்கிறவள் போல உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை சம்யுக்தா கூடத்தில் உட்கார்ந்து போன் செய்ய ஆரம்பித்தாள். விடுப்பு எடுத்திருந்தாள். பக்கத்தில் வசந்தாமணி முறத்தில் அவரைக்காயைக் கொட்டி நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் பேசிய பெண் தாராபுரத்துக்காரி. முழுவதும் கேட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு வேற எடத்துல ஆயிருச்சுங்க. முன்னாடி ஒண்ணு பேசி நின்னதே இவருக்குத் தெரியாது. நல்லாத்தான் இருக்கறேன். இப்ப எதுக்குங்க இதைச் சொல்றீங்க?"

"உங்க மேல குறை இல்லைன்னு தெரிஞ்சுக்கட்டும்னுதாங்க."

"அவரு எப்படி இருக்காருன்னு உங்களுக்குத் தெரியுங்களா?" என்றாள் அந்தப் பெண். பிறகு அவளே, "வேண்டாங்க. சொல்லாதீங்க. இனிமே கூப்பிடாதீங்க," என்று வைத்துவிட்டாள்.

பொள்ளாச்சிப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். "அதை ஒரு தாள்ல அடிச்சுத் தருவீங்களா? எங்க பழைய மாமியார் வீட்டு வாசல்ல ஒட்டணும். நல்ல பசையாப் போட்டு." சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. சம்யுக்தா போனைக் காதில் வைத்தபடியே காத்திருந்தாள். அந்தப் பெண் மூக்கைச் சிந்திவிட்டு, "தேங்க்ஸ்ங்க. எங்கம்மா உசுரோட இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருக்கும்," என்றாள்.

மூன்றாவது பெண் ஒன்றுமே பேசவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

சம்யுக்தா போனை மடியில் வைத்தாள். இயக்குநர் சொன்னது ஒரு கணம் காதில் ஓடியது. தாராபுரத்துப் பெண் இன்று மத்தியானம் என்ன சமைப்பாள், சமைக்கும்போது என்ன நினைப்பாள் என்று யோசித்தாள்.

"அம்மிணி."

"சொல்லும்மா."

வசந்தாமணி முறத்தைப் பார்த்தபடியே கேட்டாள். "உன்னுதையும் அப்படித்தான் ஒட்டினாங்களா?"

சம்யுக்தா மடியிலிருந்த போனைத் திருப்பி வைத்தாள்.

"ஆமாம்மா. எல்லாருக்கும் அப்படித்தான்."

"மாத்தி ஒட்டிப் பார்த்தியா?"

பொய் சொல்லத் தெரியாத முகம் என்று பிரபாகரன் அவளைக் கேலி செய்வான். அம்மாவின் கையைப் பார்த்தாள். நார் பாதி உரிந்த அவரைக்காய் விரல்களுக்கிடையே அப்படியே நின்றிருந்தது. அந்தக் கைதான் விவாகரத்துத் தாளில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று தொட்டுக் காட்டியது. சனிக்கிழமைகளில் கேட்டைத் திறந்து, அவனிடம் ஏதோ சொல்லி, மறுபடி சாத்தியதும் அந்தக் கைதான். இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது வழி முழுக்கக் காரில் அவள் தலையை விடாமல் தடவிக்கொண்டு வந்ததும் அதே கைதான்.

"பார்த்தேம்மா," என்றாள் சம்யுக்தா.

"எவ்வளவு?"

"அதேதான். பதினாலு. மாறலை. என்னுது நெசமாவே கொறைவு."

வசந்தாமணி தலையை நிமிர்த்தி மகளின் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி கண்ணு," என்றாள். முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து, முழங்காலைப் பிடித்தபடி சமையலறைக்குப் போனாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் அது மூடப்படவில்லை.

சம்யுக்தா போனை எடுத்து அடுத்த பெண்ணைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், உறைபெட்டியின் அடித்தட்டிலிருந்து எடுத்துக் கடைசியாக ஓட விட்ட அந்த ஜோடிக்குக் கோடு ஏறி, ஏறி, திரையின் மேல்விளிம்பைத் தொட்டு நின்றது. உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். இறங்கவில்லை. இன்னும் நேரம் கொடுத்துக் கழுவினாள். அப்போதும் இறங்க மனமில்லாமல் நின்றது. தொண்ணூற்று மூன்று. இத்தனை வருடத்தில் அவள் எந்த ஜோடிக்கும் அவ்வளவு பார்த்ததில்லை.

"ஹலோ, யாருங்க?" என்றது மறுமுனை.

"வணக்கங்க. என் பேர் சம்யுக்தா," என்றாள் அவள். "உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணுங்க."